ராஸ்பெர்ரி பை: எந்த செட்டிங்கை யார் படிக்கிறார்கள்?

கேள்வி:

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் படித்த பழைய மாணவன் ஒருவன் ராஸ்பெர்ரி பை 4 போர்டு ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறான். மொட்டை மாடியிலும் வேப்பமர நிழலிலும் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும், பிள்ளைகள் அதை வைத்து வரைபடம் போட வேண்டும் என்பது திட்டம். மேசைத்திரை இல்லாத லைட் பதிப்பைத்தான் போட்டிருக்கிறேன்.

ஒரு வீடியோவில் சொன்னபடி வைஃபை விவரங்களை ஒரு ஃபைலில் எழுதி மெமரி கார்டில் வைத்தேன், சேரவில்லை. பயனர் பெயர் பை, பாஸ்வேர்டு ராஸ்பெர்ரி என்றார்கள். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. பிறகு இமேஜர் மென்பொருளில் எல்லாவற்றையும் நிரப்பிப் புதிதாக எழுதியதும் வைஃபையில் சேர்ந்துவிட்டது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிகிறது. ஆனால் ஸ்மார்ட் கிளாஸ் டிவியில் மாட்டி, கீபோர்டு வைத்து அதே பாஸ்வேர்டை அடித்தால் தவறு என்கிறது. பையை ஆன் செய்தபின் டிவியைப் போட்டால் படமே வருவதில்லை. அதற்கு பூட் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அந்த ஃபைலில் ஏற்கெனவே இரண்டு மூன்று ஆங்கில வரிகள்தான் இருந்தன. கீழே சேர்த்தேன், எந்த மாற்றமும் இல்லை.

டிஎஸ்18பி20 சென்சாரின் பெயர் 28 என்று தொடங்கும் என்றார்கள். எனக்கு 00 என்று தொடங்கி விதவிதமான பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கரண்ட் போய் வந்தால் நேரம் தப்பாகிறது. திரையில் அடிக்கடி அண்டர்-வோல்டேஜ் என்று வேறு வருகிறது. போட்டிருப்பது 33 வாட் செல்போன் சார்ஜர், அதில் எப்படி வோல்டேஜ் குறையும்? ராஸ்பி-கான்ஃபிக் மெனுவை முழுவதும் திறந்து பார்த்துவிட்டேன். அதில் எதை ஆன் செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

— இயற்பியல் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

உங்கள் பட்டியலில் மூன்று தொல்லைகளுக்கு செட்டிங் காரணமே இல்லை. ஒன்று சார்ஜரும் வயரும், இன்னொன்று சில்லறைக்குக் கிடைக்கும் ஒரு ரெசிஸ்டர், மூன்றாவது போர்டில் இல்லாத கடிகாரம். மற்றவை எல்லாம் பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: நீங்கள் எழுதிய வரியை பைக்குள் யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள் என்பதில்.

சாதாரணக் கணினியில் பயாஸ் உண்டு. ஆன் செய்த கையோடு டெலீட் பொத்தானை அழுத்தினால் ஒரு செட்டிங் திரை வரும். பையில் அப்படி ஒரு திரை கிடையாது. 2012 பிப்ரவரி 29 அன்று முதல் பை விற்பனைக்கு வந்தபோதே பயாஸின் வேலையை மெமரி கார்டில் இருக்கும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதன் பெயர் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி. (இந்தப் பதிலில் தமிழில் எழுதும் கட்டளைகளை ஆங்கிலத்தில், நான் வேறு மாதிரி சொல்லாத வரை எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள்.)

மின்சாரம் வந்ததும் பையில் முதலில் விழிப்பது நாம் கணினி என்று நினைக்கும் ஏஆர்எம் பிராசஸர் அல்ல, படம் காட்டுவதற்காக வைத்திருக்கும் வீடியோகோர் பகுதி. பை 4-ல் போர்டின் மேலேயே ஈஈபிராம் என்ற சிறிய சிப் ஒன்று இருக்கிறது; அதில் உள்ள பூட்லோடர் கார்டின் முதல் பகுதியைத் திறந்து ஃபர்ம்வேரை எடுக்கிறது. ஃபர்ம்வேர் கான்ஃபிக்.டிஎக்ஸ்டியைப் படித்து, எந்தப் பின்னில் என்ன மாட்டியிருக்கிறது, எந்த வன்பொருளை எழுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. அதன்பிறகுதான் லினக்ஸ் கெர்னல் வருகிறது. கெர்னலுக்குச் சொல்ல வேண்டியது சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி என்ற இன்னொரு ஃபைலில், ஒரே வரியில் இருக்கும். கெர்னலும் எழுந்த பிறகு வைஃபை, நேரம், கீபோர்டு, பயனர் பெயர் ஆகியவற்றை ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன்னுடைய சொந்த ஃபைல்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆக, வரிசையில் மூன்று வாசகர்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை. இதில் மோசமான விஷயம், யாரும் படிக்காத வரிக்கு எரர் மெசேஜ் எதுவும் வராது. எழுதியது எழுதியபடி அமைதியாகக் கிடக்கும், நாம்தான் போர்டு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திறந்த ஃபைலில் இருந்த ஆங்கில வரிகளை இன்னொரு முறை படியுங்கள். “இந்த ஃபைலைத் திருத்தாதீர்கள், நீங்கள் தேடும் ஃபைல் இடம் மாறிவிட்டது” என்ற பொருளில் இருக்கும். 2023 அக்டோபரில் புக்வோர்ம் என்ற பதிப்பு வந்தபோது கான்ஃபிக்.டிஎக்ஸ்டியை பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ஃபோல்டருக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் விட்டுவைத்தது வெறும் அறிவிப்புப் பலகை. அதன் கீழே எழுதியதை யாரும் படிக்கவில்லை.

சரியான ஃபைலில் எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பலன் கிடைத்திருக்காது என்பது அடுத்த விஷயம். எச்டிஎம்ஐ ஃபோர்ஸ் ஹாட்பிளக் என்ற அந்த வரி, திரையை ஃபர்ம்வேர் கையாண்ட காலத்துக்கு உரியது. 2021-ல் வந்த புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து திரைப் பொறுப்பு கேஎம்எஸ் என்ற டிரைவர் வழியாகக் கெர்னலிடம் போய்விட்டது. எனவே கெர்னல் படிக்கும் இடத்தில் எழுத வேண்டும். சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டியைத் திறந்து, இருக்கிற வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு “வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080எம்@60டி” என்று சேருங்கள். எச்டிஎம்ஐ, ஏ, எம், டி ஆகியவை பெரிய எழுத்து. எக்ஸ் சின்ன எழுத்து. கடைசியில் உள்ள டி என்ற எழுத்துதான், டிவி ஆஃப் ஆகி இருந்தாலும் சிக்னலை அனுப்பு என்று சொல்வது. வயரை பவர் போர்ட்டுக்கு அருகில் இருக்கும் மைக்ரோ எச்டிஎம்ஐ போர்ட்டில் மாட்டுங்கள், ஏ-1 என்பது அதுதான்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். நடுவில் என்டர் தட்டினால் இரண்டாவது வரியில் போனதெல்லாம் கெர்னலுக்குத் தெரியாது, பை எழாமலே போகலாம். நோட்பேடில் வேர்ட் ரேப் ஆன் ஆகி இருந்தால் ஒரே வரியே மூன்று வரி போலத் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். திருத்தும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்பேடைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், இந்த இரண்டு ஃபைலும் இருக்கும் பகுதி விண்டோஸ் படிக்கக்கூடிய ஃபேட் வடிவத்தில் இருக்கிறது. தப்பாக எழுதி பை எழவில்லை என்றால் பதற வேண்டாம். கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டால் பூட்எஃப்எஸ் என்ற பெயரில் தெரியும், அங்கேயே திருத்திவிடலாம். கார்டின் இன்னொரு பகுதி லினக்ஸ் வடிவத்தில் இருப்பதால், அதைப் படிக்கத் தெரியாத விண்டோஸ் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். அந்த இடத்தில் ஓகே அழுத்திக் கார்டை வெறுமையாக்கியவர்கள் நிறையப் பேர்.

வைஃபை ஃபைலுக்கும் இதே கதை. டபிள்யுபிஏ சப்ளிகன்ட் என்று தொடங்கும் அந்த ஃபைலைப் பழைய பதிப்புகள் முதல்முறை எழும்போது தேடி எடுத்துக்கொண்டன. புக்வோர்மில் நெட்வொர்க் மேனேஜர் பொறுப்புக்கு வந்ததும் அந்த ஃபைலைத் தேடுபவர் இல்லாமல் போனார். வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் காலத்தில் அது சரி. பை, ராஸ்பெர்ரி என்ற பெயரும் பாஸ்வேர்டும் 2022 ஏப்ரலில் எடுக்கப்பட்டுவிட்டன. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டோடு லட்சக்கணக்கான கணினிகள் நெட்டில் நிற்பது நல்லதல்ல என்பதால் செய்த மாற்றம். இனி எந்த வீடியோவைப் பார்த்தாலும் அது வந்த தேதியை முதலில் பாருங்கள். 2023 அக்டோபருக்கு முந்தையது என்றால் ஃபோல்டர் பெயர்களையும் வைஃபை பகுதியையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் கார்டில் என்ன பதிப்பு இருக்கிறது என்பதை ஈடிசி ஃபோல்டரில் ஓஎஸ்-ரிலீஸ் என்ற ஃபைலைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம்.

இமேஜரில் நிரப்பியது நல்ல முடிவு. பள்ளியில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் கார்டை மறுபடி எழுத வேண்டியதில்லை. சூடோ என்எம்டியுஐ என்று அடியுங்கள், நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன மெனு வரும். வைஃபை நாடு இந்தியா என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நாடு குறிப்பிடாத வரை ரேடியோவை எழ விடாது, ஒவ்வொரு நாட்டிலும் அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகள் வேறு என்பதால்.

பாஸ்வேர்டு புதிரைப் பற்றி எழுதும்போது நீங்கள் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை, அதுவே சரி. ஆனால் அதில் @ குறி இருக்கிறது என்று பந்தயம் கட்டத் தயார். பை பிரிட்டனில் பிறந்தது. வேறு சொல்லாவிட்டால் கீபோர்டு பிரிட்டிஷ் முறையில்தான் இருக்கும். நம் ஊரில் விற்கும் கீபோர்டுகள் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் @ வராது, இரட்டை மேற்கோள் குறி வரும். ஷிஃப்டோடு 3 பவுண்டு குறியைத் தரும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாததால் நமக்குப் புரிவதில்லை. சோதிப்பது எளிது: டிவியில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில், அங்கே எழுத்து தெரியும் என்பதால், ஷிஃப்ட் 2 அடித்துப் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து போகும்போது பிரச்சினை வராததற்குக் காரணம், அங்கே எழுத்தைத் தீர்மானிப்பது லேப்டாப்பின் கீபோர்டு. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், சூடோ ராஸ்பி-கான்ஃபிக் திறந்து, லோக்கலைசேஷன் பிரிவில் கீபோர்டை இங்கிலீஷ் யுஎஸ் என்று மாற்றுங்கள். பட்டியலில் முதலில் பிரிட்டிஷ் வகைகள்தான் தெரியும். அதர் என்பதற்குள் போனால் யுஎஸ் கிடைக்கும். அதே பிரிவில் டைம்சோனை ஆசியா, கொல்கத்தா என்று வைத்துவிடுங்கள்.

இப்போது 33 வாட் சார்ஜர். இயற்பியல் ஆசிரியையிடம் ஓம் விதியைச் சொல்ல வேண்டியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். 33 வாட் என்பது அந்த சார்ஜர் தனக்குத் தெரிந்த செல்போனோடு பேசி, வோல்டேஜை ஒன்பதுக்கோ பதினொன்றுக்கோ ஏற்றிக் கொடுக்கும்போது கிடைப்பது. பை அப்படிப் பேசாது, அதற்கு 5 வோல்ட் மட்டும்தான் வேண்டும், 3 ஆம்பியர் வரை. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 5 வோல்டுக்கு எதிரே எவ்வளவு ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பலவற்றில் 2 என்றுதான் இருக்கும். அதைவிடப் பெரிய திருடன் வயர். போய் வரும் இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்து 0.2 ஓம் மின்தடை என்று வையுங்கள், மெலிந்த சார்ஜர் வயருக்கு அது அதிகமில்லை. 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும். 5 வோல்டில் புறப்பட்டது 4.6-ஆகப் போர்டுக்கு வந்து சேரும். பை எச்சரிக்கை கொடுக்கும் எல்லை 4.63 வோல்ட். இந்த வயர் இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் பைக்கென்றே விற்கும் அடாப்டர் 5.1 வோல்ட் கொடுக்கிறது.

இதைப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாம். போர்டின் 40 பின்களில் 4-ஆம் பின் 5 வோல்ட், அதற்கு அடுத்து அதே வரிசையில் இருக்கும் 6-ஆம் பின் கிரவுண்ட். மல்டிமீட்டரை இரண்டிலும் கவனமாக வைத்து, பை சும்மா இருக்கும்போது ஒன்று, வேலை செய்யும்போது ஒன்று என்று குறிக்கட்டும். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று பட்டுவிடக் கூடாது. பை தானே வைத்திருக்கும் குறிப்பையும் கேட்கலாம்: விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் என்று அடித்தால் ஓர் எண் வரும். வெறும் 0 என்றால் குறை ஒன்றுமில்லை. 50000 என்றால் ஆன் செய்ததிலிருந்து எப்போதோ வோல்டேஜ் குறைந்து, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் அப்படித்தான். (எண்ணுக்கு முன்னால் வரும் 0எக்ஸ், அது பதினாறை அடிமானமாகக் கொண்டு எழுதப்பட்டது என்பதற்கான அடையாளம்.)

எச்சரிக்கையை மறைக்க அவாய்ட்_வார்னிங்ஸ்=1 என்று ஒரு வரி இருக்கிறது, அதை உங்களுக்கு யாராவது சிபாரிசு செய்வார்கள். செய்யாதீர்கள். வோல்டேஜ் குறைந்த நிலையில் கார்டில் எழுதும்போதுதான் ஃபைல்கள் சிதைகின்றன, மறைத்துவிட்டால் காரணம் தெரியாமல் ஒருநாள் கார்டு போகும். நல்ல அடாப்டர் வாங்குங்கள். இந்தத் திட்டத்தில் செலவு செய்ய வேண்டிய முதல் இடம் அதுதான்.

சென்சாருக்கு வருகிறேன். ராஸ்பி-கான்ஃபிக்கில் இன்டர்ஃபேஸ் பிரிவில் ஒன்-வயர் என்பதை ஆன் செய்திருக்கிறீர்கள், செட்டிங் சரி. அந்த மெனு பெரிதாக எதுவும் செய்வதில்லை. உங்களுக்குப் பதிலாக கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் டிடிஓவர்லே=டபிள்யு1-ஜிபிஐஓ என்று ஒரு வரியை எழுதிவைக்கிறது, ரீபூட் செய்ததும் ஃபர்ம்வேர் அதைப் படிக்கிறது. 00 என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக வருவது, தகவல் கம்பி அந்தரத்தில் ஆடுகிறது என்பதற்கான அடையாளம். அந்தக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்க 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். சென்சாரின் சிவப்புக் கம்பிக்கும் (3.3 வோல்ட்) மஞ்சள் கம்பிக்கும் (தகவல்) நடுவே அதைப் போடுங்கள். வயரின் நிறம் கடைக்குக் கடை மாறலாம், வாங்கிய சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் இல்லாதபோது கெர்னல் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு, சென்சார் வந்துவிட்டது என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.

மாட்டும் இடத்தில் ஓர் ஆபத்து. சென்சாரின் தகவல் கம்பி ஜிபிஐஓ 4-க்குப் போக வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். ஜிபிஐஓ 4 என்பது பின் எண் 4 அல்ல. சிப்பின் கணக்கில் அது 4, போர்டில் எண்ணினால் 7-ஆம் பின். போர்டின் 4-ஆம் பின் சற்று முன் பார்த்த 5 வோல்ட். பையின் தகவல் பின்கள் 3.3 வோல்டுக்கு மேல் தாங்காது. எனவே சிவப்பு 1-ஆம் பின்னில் (3.3 வோல்ட்), கறுப்பு 9-ஆம் பின்னில், மஞ்சள் 7-ஆம் பின்னில். பின்அவுட் என்று கட்டளை அடித்தால் போர்டின் படத்தையே திரையில் வரைந்து காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு, பவரை எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

இரண்டு சென்சாருக்கும் இதே மூன்று கம்பிகள் போதும், ரெசிஸ்டரும் ஒன்றே போதும். ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்த தனி எண் இருப்பதால் 28 என்று தொடங்கும் இரண்டு பெயர்கள் வரும். எது மாடி, எது மரம் என்று எப்படித் தெரிவது? ஒன்றை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு இரண்டையும் படியுங்கள், ஏறுகிறவன் யார் என்று தெரிந்துவிடும். உடனே வயரில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். சென்சாரின் அளவு வரும் ஃபைலில் 31250 என்று வந்தால் 31.25 டிகிரி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். முதல் வரியின் முடிவில் யெஸ் என்று இருந்தால்தான் அந்த அளவு நம்பகமானது. 85000 என்று வந்தால் நாள் முழுக்க வெயில் காய்ந்ததாக நினைக்க வேண்டாம். சென்சார் மின்சாரம் பெற்றதும் காட்டும் ஆரம்ப மதிப்பு அது, அளவெடுத்து முடிக்கவில்லை என்று பொருள். ஓர் அளவெடுக்க முக்கால் நொடி வரை ஆகும்.

இன்னொன்று, செட்டிங்கோடு சம்பந்தமில்லாதது. மாடியில் சென்சார்மீது நேரடி வெயில் பட்டால் நீங்கள் அளப்பது காற்றின் வெப்பநிலையை அல்ல, அந்த ஸ்டீல் குழாயின் வெப்பநிலையை. வானிலை நிலையங்களில் ஸ்டீவன்சன் பெட்டி என்று வெள்ளையடித்த, காற்று நுழையும் மரப்பெட்டி வைப்பது அதற்காகத்தான். உங்கள் பள்ளித் தச்சரிடம் சொன்னால் சிறிதாக ஒன்று அடித்துத் தருவார்.

நேரம் தப்புவதற்குக் காரணம், பை 4-க்குள் கடிகாரம் கிடையாது. பை 5-ல்தான் போர்டிலேயே கடிகாரம் வந்தது, அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பை 4 எழும்போது கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கி, நெட் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கரண்ட் வந்ததும் பையும் ரவுட்டரும் ஒரே சமயத்தில் எழுகின்றன, ரவுட்டர் நிதானமாக எழும். அந்த இடைவெளியில் உங்கள் நிரல் பழைய நேரத்தைப் போட்டுப் பதிவு செய்துவிடுகிறது. அலுவலக அறையைப் பூட்டும்போது ரவுட்டரையும் அணைத்துவிட்டால் இரவு முழுவதும் அதே கதைதான்.

டிஎஸ்3231 என்ற சிறிய கடிகார மாட்யூல் ஒன்று வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். 3.3 வோல்டும் கிரவுண்டும் போக, இரண்டு கம்பிகள் 3, 5 ஆம் பின்களுக்குப் போகும். 1-ஆம் பின்னை சென்சார் எடுத்துக்கொண்டிருப்பதால் 3.3 வோல்டுக்கு 17-ஆம் பின்னைப் பயன்படுத்துங்கள். இன்டர்ஃபேஸ் பிரிவில் ஐ2சி-ஐ ஆன் செய்து, கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231 என்று எழுதுங்கள். எங்கே எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். அந்த ஃபைலின் அடியில் சதுர அடைப்புக்குறிக்குள் சிஎம்4, சிஎம்5 போன்ற தலைப்புகள் இருக்கும். அந்தத் தலைப்பின் கீழ் உள்ளதை அந்த மாடல் போர்டு மட்டுமே எடுத்துக்கொள்ளும், மற்றவை தாண்டிப் போய்விடும். கடைசியில் ஆல் என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழே எழுதுங்கள். பிறகு நெட் இருக்கும்போது நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சூடோ எச்டபிள்யுகிளாக் -டபிள்யு என்று ஒருமுறை அடித்தால் அந்த நேரம் மாட்யூலுக்குப் போய்விடும். ரவுட்டரை அணைத்துவிட்டு, பையின் பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மாட்டிப் பாருங்கள். டைம்டேட்சிடிஎல் கட்டளை சரியான நேரத்தைக் காட்டினால் வேலை முடிந்தது.

மெனுவில் மற்றவை. எஸ்எஸ்எச் ஆன் ஆகவே இருக்கட்டும். ஹோஸ்ட்நேம் பகுதியில் பைக்கு ஒரு பெயர் வையுங்கள், லேபில் இன்னொரு பை வரும்போது குழப்பம் வராது. விஎன்சி, எஸ்பிஐ, சீரியல் மூன்றும் உங்களுக்குத் தேவையில்லை. ஓவர்கிளாக் சம்பந்தப்பட்ட வரிகளின் நிழலைக் கூட மிதிக்க வேண்டாம். சித்திரை வெயிலில் மாடி அறையில் இருக்கப்போகும் போர்டு அது, 80 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். கார்டு முழுவதையும் பயன்படுத்த எக்ஸ்பாண்ட் கொடுக்க வேண்டும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும், இப்போது அது முதல்முறை எழும்போதே தானாக நடந்துவிடுகிறது.

பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் கார்டைக் காப்பாற்ற அதை ஆன் செய் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அறிவிப்புப் பலகைக்கும் விளம்பரத் திரைக்கும் அது அருமையான வசதி. உங்களுக்கு வேண்டாம். அதை ஆன் செய்தால் கார்டு படிக்க மட்டும் என்றாகிவிடும். புதிதாக எழுதுவதெல்லாம் ரேமில் நிற்கும், ரீபூட் ஆனதும் காணாமல் போகும். நீங்கள் சேர்த்த வெப்பநிலைப் பதிவுகளும் அதோடு போகும். கடிகார மாட்யூலும் நெட்டும் இல்லையென்றால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: கடைசி நேரத்தைச் சேமிப்பதும் அதே கார்டில்தான் என்பதால், ஒவ்வொரு முறை எழும்போதும் பை ஓவர்லேயை ஆன் செய்த அந்த நாளுக்கே திரும்பிப் போகும்.

பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு சென்சாருக்கு நாளைக்கு 144 வரிகள், இரண்டுக்கும் 288. எந்தக் கார்டும் இதனால் தேயாது. பயப்பட வேண்டியது எழுதும் நொடியில் கரண்ட் போவதை மட்டும்தான். கணினி லேபில் யுபிஎஸ் இருந்தால் பையின் அடாப்டரை அதில் செருகுங்கள். நிரலில் ஒவ்வொரு வரி எழுதியதும் ஃபைலை மூடிவிடச் சொல்லுங்கள். திறந்தே வைத்திருக்கும் நிரல்தான் அதிகம் இழக்கிறது. அணைக்கும்போது சூடோ பவர்ஆஃப் கொடுத்து, பச்சை விளக்கு சிமிட்டி ஓய்ந்த பிறகு பிளக்கை எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வாரம் ஒருமுறை பதிவு ஃபைலை லேப்டாப்புக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

அடாப்டர், ரெசிஸ்டர், கீபோர்டு, டிவி, கடிகாரம் என்ற வரிசையில் போங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றி ரீபூட் செய்து பாருங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் கார்டைக் கழற்றி, விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் மூலம் முழுக் கார்டையும் ஓர் இமேஜ் ஃபைலாக லேப்டாப்பில் எடுத்து வையுங்கள். திரும்ப எழுதும் கார்டு அதே அளவோ பெரிதோ இருக்க வேண்டும். 32 ஜிபி என்று எழுதிய இரண்டு கார்டுகள் கூட ஒரே அளவில் இருப்பதில்லை, அதனால் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். ஒன்று பதிவுக்கு, இன்னொன்று பிள்ளைகள் இஷ்டப்படி கான்ஃபிக்.டிஎக்ஸ்டியைக் கெடுத்துப் பார்க்க.